பேட் மாற்றிய பின் பெடல் ஏன் அமுங்குகிறது?

வாசகர் கேள்வி – பதில்: கார் பராமரிப்பு

பிரேக் பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை) மாற்றிய பிறகு பெடல் கெட்டியாக நிற்கவில்லை என்று பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். கடிதங்கள் ஒன்று போலத் தோன்றினாலும், அவற்றில் சொல்லப்படும் கோளாறுகள் ஒன்றல்ல. ஆகவே இந்த இதழில் அவற்றை மட்டும் ஒன்றாகச் சேர்த்துப் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: என் காரின் முன் சக்கரங்களுக்கு நானே புதிய பிரேக் பேட் மாற்றினேன். பேடைத் தள்ளும் பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து உள்ளே தள்ளிவிட்டுப் புதிய பேட்களைப் பொருத்தினேன். எந்தக் குழாயையும் கழற்றவில்லை. இப்போது முதல் மிதியில் பெடல் பாதிக்கும் கீழே போகிறது. உடனே இன்னொரு முறை மிதித்தால் மேலேயே கெட்டியாக நிற்கிறது. உள்ளே காற்று இருக்கும் என்று நண்பர் சொன்னதால், நான்கு சக்கரங்களிலும் திரும்பத் திரும்பக் காற்று எடுத்து (ஆயிலை வழியவிட்டு உள்ளேயுள்ள குமிழை வெளியேற்றி) பார்த்தேன். ஒரு குமிழ்கூட வரவில்லை, பெடலும் மாறவில்லை. பெடலோடு இணைந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டியிருக்குமா?

பதில்: மாஸ்டர் சிலிண்டரை இப்போது தொட வேண்டாம். காரையும் சாலைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். உங்கள் கடிதத்தில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. அவை இரண்டும் சேர்ந்தாலே கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடுகிறது. ஒன்று, நீங்கள் எந்தக் குழாயையும் திறக்கவில்லை. பேட் மாற்றும் வேலையில் பிரேக் ஆயில் செல்லும் பாதை மூடியபடியே இருப்பதால், அதற்குள் புதிதாகக் காற்று புக வழியே இல்லை. மற்றொன்று, இரண்டாவது மிதியில் பெடல் மேலேயே கெட்டியாக நிற்கிறது. காற்று இருந்தால் எத்தனை முறை மிதித்தாலும் அந்த அமுங்கும் தன்மை முழுவதும் போகாது. மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போயிருந்தால், காலை அழுத்தி வைத்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். உங்கள் பெடல் இவ்விரண்டையும் செய்யவில்லை. முதல் மிதியில் பிஸ்டன் நகர வேண்டிய தூரம் அதிகமாக இருக்கிறது. அந்தத் தூரத்தை முதல் மிதி கடந்துவிடுவதால் இரண்டாம் மிதி கெட்டியாக இருக்கிறது. தேட வேண்டியது காற்றை அல்ல, இடைவெளியை.

இந்த இடைவெளி எவ்வளவு சிறிதாக இருந்தாலும் பெடலில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். பிஸ்டனைத் தாங்கி நிற்கும் பகுதியான காலிப்பரில், பிஸ்டனின் விட்டம் 54 மில்லிமீட்டர் என்றும், மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 22 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 22.9 சதுர சென்டிமீட்டர். மாஸ்டர் சிலிண்டரின் பரப்பு 3.8 சதுர சென்டிமீட்டர். முன் சக்கரங்கள் இரண்டிலும் பிஸ்டன் வழக்கத்தைவிட 1 மில்லிமீட்டர் கூடுதலாக நகர வேண்டியிருந்தால், அதற்குச் சுமார் 4.6 கன சென்டிமீட்டர் ஆயில் தேவை. அந்த அளவைத் தள்ள மாஸ்டர் சிலிண்டரின் தண்டு 12 மில்லிமீட்டர் போக வேண்டும். பெடலின் நெம்புகோல் விகிதம் நான்குக்கு ஒன்று என்றால், உங்கள் கால் 48 மில்லிமீட்டர் கீழே இறங்கும். ஒரே ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர்! சக்கரத்துக்கு 0.2 மில்லிமீட்டர் மிகுந்தாலே பெடலில் ஒரு சென்டிமீட்டர் வேறுபாடு தெரியும். மெல்லிய துருப் படலமும் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்த பேடும் இதைச் செய்யப் போதுமானவை.

ஆகவே சக்கரத்தைக் கழற்றி, நீங்கள் கை வைத்த இடங்களை வரிசையாகப் பாருங்கள். முதலில், பேடின் இரு காதுகளும் உட்காரும் இடம். அங்கே பொருத்தப்படும் மெல்லிய எஃகுக் கிளிப்புக்கு அடியில் துரு படிந்து மேடாகியிருந்தால், கிளிப் உள்நோக்கித் தள்ளப்பட்டு, புதிய பேட் இறுக்கமாகச் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கிய பேட் டிஸ்க்குக்கு இணையாக நகராமல் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். அழுத்தும்போது சற்று வளைந்து, காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளிவிடும். கிளிப்பைக் கழற்றி, அடியிலுள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும் வரை தேய்த்தெடுத்த பின், பேட் விரலால் தள்ளினாலே நகர வேண்டும். சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்ற வேண்டிய பேட் சரியாகப் பொருந்தாத பேட் என்றே கொள்ளுங்கள். பழைய பேடின் முதுகில் இருந்த தகட்டை, ஏற்கெனவே தகடு ஒட்டி வந்த புதிய பேடின் மேல் மீண்டும் வைத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். இரட்டைத் தகடு பெடலை மென்மையாக்கும்.

அடுத்தது ஸ்லைடிங் பின்கள். ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள காலிப்பரில், உள் பேடைப் பிஸ்டன் தள்ளுகிறது. வெளிப் பேடை இழுத்து வருவது இந்தப் பின்களின் மேல் சறுக்கும் காலிப்பர் உடல். அந்தப் பின்கள் துருப்பிடித்தோ, கிரீஸ் காய்ந்தோ இறுகிவிட்டால், காலிப்பர் சறுக்குவதற்குப் பதிலாக நெளிகிறது. அந்த நெளிவைத்தான் நீங்கள் பெடலில் உணர்கிறீர்கள். சில கார்களில் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒன்றல்ல. ஒன்றின் முனையில் ரப்பர் புஷ் இருக்கும், மற்றதில் இருக்காது. அவற்றை இடம் மாற்றிப் போட்டாலும் இதே தொல்லை வரும். இரண்டையும் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கப்படும் சிலிக்கோன் கிரீஸை மெல்லிதாகத் தடவிப் பொருத்துங்கள். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரணக் கிரீஸ் இங்கே கூடாது. கனிம எண்ணெய் கலந்த கிரீஸ் இந்த ரப்பர்களை ஊதச் செய்து, சில மாதங்களில் பின்னை மீண்டும் இறுக்கிவிடும்.

இவை சரியாக இருந்தால் டிஸ்க்கைப் பாருங்கள். இங்கே ஓர் எளிய சோதனை உதவும். கார் நின்றபடியே இருக்க, பெடலை மிதித்துக் கெட்டியாக்கிவிட்டு ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் மிதியுங்கள். அப்போதும் மேலேயே நின்று, ஆனால் மூடிய வளாகத்துக்குள் மெதுவாகச் சற்றுத் தூரம் உருட்டி வந்த பின் மட்டும் முதல் மிதி தாழ்ந்தால், சுழலும் டிஸ்க்தான் பிஸ்டனைப் பின்னுக்குத் தட்டிவிடுகிறது. டிஸ்க்குக்கும் அது பூட்டப்படும் ஹப்புக்கும் இடையில் துருவோ தூசியோ சிக்கியிருக்கலாம், டிஸ்க் கோணலாக இருக்கலாம், அல்லது வீல் பேரிங்கில் ஆட்டம் இருக்கலாம். டயல் கேஜ் வைத்து அளந்தால் டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டம் பெரும்பாலான கார்களில் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சில கார்களுக்கு இதைவிடக் குறைந்த அளவே அனுமதி. டிஸ்க்கின் வெளி விளிம்பில் தேயாமல் நிற்கும் வரம்பின் மேல் புதிய பேடின் ஓரம் ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த தடிப்பு டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்கும் கீழே தேய்ந்த டிஸ்க்குக்குப் புதிய பேட் போடுவதில் பயனில்லை.

மாறாக, கார் நகராமல் நின்றிருக்கும்போதே ஓரிரு நிமிடங்களில் பெடல் மீண்டும் தாழ்ந்துவிட்டால், ஒன்று முன்பு சொன்ன சாய்ந்த பேட் காரணமாக இருக்கும். அல்லது பின் சக்கரங்களில் டிரம் உள்ள கார் எனில் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூக்களின் இடைவெளி காரணமாக இருக்கும். பின் டிரம்மை யாரும் தொடவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். பல நாட்களாகத் தாழ்ந்து வந்த பெடலை, புதிய பேட் போட்ட நாளில்தான் பலரும் கூர்ந்து கவனிக்கிறார்கள். சமதளத்தில் கார் நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்துக்கொண்டு பெடலை மிதியுங்கள். இழுக்காதபோது இருந்ததைவிட இப்போது பெடல் தெளிவாக உயர்ந்து நின்றால், பின் ஷூக்களை நெருக்கமாக அட்ஜஸ்ட் செய்ய வேண்டும் என்று பொருள்.

பிஸ்டனைத் தள்ளிய விதத்தைப் பற்றியும் ஒரு சொல். பேட் தேயத் தேயப் பிஸ்டனின் வெளிப்பகுதி நீண்ட காலம் தூசியிலும் ஈரத்திலும் நிற்கிறது. அதைத் துடைக்காமல் அப்படியே உள்ளே தள்ளினால், அழுக்கும் துருவும் சதுர வெட்டுள்ள ரப்பர் சீலை உராய்கின்றன. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் பிஸ்டனை இம்மி அளவு பின்னுக்கு இழுப்பது இந்தச் சீல்தான். அது பிஸ்டனோடு ஒட்டிக்கொண்டால் தேவைக்கு மேல் இழுத்துவிடும். பிஸ்டனில் துருப்புள்ளிகள் தெரிந்தால் அந்தக் காலிப்பருக்குப் புதிய பிஸ்டனும் புதிய சீலும் தேவை.

எல்லாம் முடிந்து சக்கரங்களைப் பூட்டிய பின், கார் ஓர் அங்குலம் நகர்வதற்கு முன், பெடலை அது கெட்டியாகும் வரை அரைத் தூரத்துக்கு மிதித்து மிதித்து விடுங்கள். உள்ளே தள்ளப்பட்ட பிஸ்டன் பேடைத் தொடும் வரை பிரேக் என்பதே இல்லை. இந்த ஒரு செயலை மறந்து காரைப் பின்னுக்கு எடுத்துச் சுவரில் மோதியவர்கள் உண்டு. அதன் பிறகு ஆயில் டப்பாவில் அளவு குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: முன் காலிப்பர்கள் இரண்டையும் புதிதாக மாற்றி, பேட்களும் புதிதாகப் போட்டோம். பெடல் எப்போதும் பஞ்சு போல அமுங்குகிறது. வேகமாகத் திரும்பத் திரும்ப மிதித்தால் சற்று உயர்கிறது, ஆனால் கெட்டியாவதே இல்லை. ஒரு லிட்டர் ஆயில் செலவழித்துக் காற்று எடுத்தும் பயனில்லை.

பதில்: உங்கள் காரில் குழாய் திறக்கப்பட்டிருக்கிறது, ஆகவே இங்கே காற்றைச் சந்தேகிப்பது முற்றிலும் சரி. ஆயில் அழுத்தத்துக்குச் சுருங்காது, காற்று சுருங்கும். ஒரு கன சென்டிமீட்டர் காற்றுக்குமிழ், ஆயிலின் அழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தைப் போலப் பத்து மடங்காக உயரும்போது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அந்த இடத்தை நிரப்ப 0.9 கன சென்டிமீட்டர் ஆயில் வீணாகப் போகிறது. முதல் பதிலில் சொன்ன அளவுகளின்படி அது பெடலில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்.

முதலில் காற்று எடுக்கும் நிப்பிள் (திறந்து மூடும் சிறு திருகு) காலிப்பரின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அது மேலே இருக்க வேண்டும். இடது காலிப்பரை வலதுபுறமும் வலது காலிப்பரை இடதுபுறமும் மாற்றிப் பூட்டினால், பல கார்களில் அவை அழகாகவே பொருந்திவிடும். ஆனால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே தங்கும், ஆயில் மட்டும் கீழ் நிப்பிள் வழியாகச் சுத்தமாக வெளியேறும். எத்தனை லிட்டர் ஊற்றினாலும் குமிழ் வராததற்கும் பெடல் மாறாததற்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும். ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும் போல்ட்டின் இருபுறமும் உள்ள செம்பு வாஷர்கள் புதியவையா என்பதையும் கேட்டறியுங்கள். ஒரு முறை நசுங்கிய வாஷரை மீண்டும் போட்டால் அங்கே கசியலாம்.

நிப்பிள் மேலேதான் இருக்கிறது என்றால், காற்று எடுக்கும் முறையில் கவனம் தேவை. நிப்பிளில் ஒளிபுகும் குழாய் ஒன்றை மாட்டி, அதன் மறுமுனையைப் புதிய ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கியபடி வையுங்கள். உதவியாளர் பெடலை மெதுவாக மிதித்து அழுத்திப் பிடித்திருக்க, நிப்பிளைத் திறந்து, பெடல் இறங்கியதும் மூடிய பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். நிப்பிளை மூடுவதற்கு முன் கால் மேலே வந்தால், வெளிக்காற்று மரையின் இடுக்கு வழியாக உள்ளே ஏறும். பெடலை வேகவேகமாகக் குத்துவது கூடாது. பெரிய குமிழ் நுண்ணிய குமிழ்களாக உடைந்து ஆயிலோடு கலந்துவிட்டால், அவை மேலே வந்து சேரும் வரை பல மணி நேரம் காத்திருக்க நேரும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதில், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் உள்ளதே முதலில் என்ற பழைய வழக்கம் எல்லாக் கார்களுக்கும் பொருந்தாது. பல கார்களில் ஒரு முன் சக்கரமும் அதற்கு மூலைவிட்டமாக எதிரேயுள்ள பின் சக்கரமும் ஒரே சுற்றில் இணைக்கப்பட்டிருக்கும்; காரின் பராமரிப்புக் கையேடு கூறும் வரிசையையே பின்பற்றுங்கள்.

கேள்வி: காற்று எடுக்கும்போது ஆயில் டப்பா முழுவதும் காலியாகிவிட்டது. கவனித்து நிரப்பி, மீண்டும் காற்று எடுத்தோம். காரில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உண்டு. பெடல் இன்னும் மென்மையாகவே இருக்கிறது.

பதில்: டப்பா வற்றியபோது மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று போயிருக்கும், அங்கிருந்து ஏபிஎஸ் அலகுக்குள்ளும் போயிருக்கலாம். அந்த அலகின் சில வால்வுகள் சாதாரண நிலையில் மூடியிருப்பதால், அவற்றுக்குப் பின்னால் தங்கிய காற்றைப் பெடலை மிதித்து வெளியேற்ற முடியாது. முதலில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொடங்கி நான்கு சக்கரங்களிலும் முறைப்படி காற்று எடுங்கள். அப்போதும் மாறாவிட்டால், ஸ்கேனரை இணைத்து ஏபிஎஸ் பம்பையும் வால்வுகளையும் இயக்கியபடி காற்று எடுக்கும் வசதியுள்ள பணிமனைக்குக் காரை இழுவை வண்டியில் அனுப்புங்கள். மண் சாலையில் வேகமாக ஓட்டிச் சென்று திடீர் பிரேக் போட்டு ஏபிஎஸ்ஸை இயக்கினால் காற்று போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். பெடல் நம்பிக்கையாக நிற்காத காரில் அப்படி ஒரு சோதனை செய்யவே கூடாது.

கேள்வி: பேட் மாற்றிய பிறகு, சிக்னலில் பிரேக்கை அழுத்தி நிற்கும்போது பெடல் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. இதற்கு முன் அப்படி இல்லை. பேடில் குறையா?

பதில்: பேடில் குறை இல்லை. அழுத்தத்தைத் தாங்காமல் பெடல் இறங்குகிறது என்றால், ஆயில் எங்கோ தப்பித்துப் போகிறது. வெளியே போகிறதா, உள்ளேயே போகிறதா என்பதே கேள்வி. டப்பாவில் அளவைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறம், ஹோஸ்களின் இணைப்புகள், உலோகக் குழாய்கள் ஆகியவற்றில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். தரையில் ஒரு சொட்டும் இல்லாமல் அளவு மட்டும் குறைந்தால், மாஸ்டர் சிலிண்டரின் பின்புறச் சீல் வழியாக ஆயில், காலின் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டருக்குள் கசிந்துகொண்டிருக்கலாம். மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டுகளையும் தளர்த்திச் சற்று முன்னால் நகர்த்தினால் அந்த ஈரம் தெரியும்.

அளவு குறையவே இல்லை, பெடல் மட்டும் இறங்குகிறது என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் சீல்களைத் தாண்டி ஆயில் பின்னோக்கி வழிகிறது. பேட் வேலையோடு இது சேர்ந்து வருவதற்குக் காரணம் உண்டு. அன்றாடம் ஓட்டும்போது அந்தச் சிலிண்டரின் முதல் பாதியில் மட்டுமே பிஸ்டன் போய் வருகிறது. அதற்கு அப்பாலுள்ள பகுதியில் ஆண்டுக் கணக்கில் துருவும் கசடும் படிந்திருக்கும். பேட் மாற்றிய பின்போ காற்று எடுக்கும்போதோ பெடலைத் தரை வரை மிதித்தால், ரப்பர் சீல் அந்தச் சொரசொரப்பான பகுதியில் உரசிக் கிழிகிறது. நீண்ட நாள் ஓடிய காரில் இந்த வேலைகளைச் செய்யும்போது, பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துத் தரை வரை போகாமல் தடுப்பது இதற்காகத்தான். உங்கள் காரில் சேதம் நேர்ந்துவிட்டதால், சீல்களை மட்டும் மாற்றுவதைவிட முழு மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றுவதே சரி என்பது என் கருத்து. கீறல் விழுந்த சிலிண்டருக்குள் புதிய சீல் நெடுநாள் நிற்காது. அது வரை கார் நின்ற இடத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: என் காரில் பின் சக்கரங்களுக்கும் டிஸ்க்தான். பின் பேட் மாற்றியதும் பெடலும் தாழ்ந்துவிட்டது, ஹேண்ட் பிரேக் லீவரும் மிக உயரமாக வருகிறது. ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்கினால் போதுமா?

பதில்: கேபிளை இறுக்காதீர்கள், அது கோளாறை மறைக்கும், சில சமயம் நிலைக்கவும் செய்துவிடும். உங்கள் காரில் ஹேண்ட் பிரேக் இயக்கம் காலிப்பருக்குள்ளேயே அமைந்திருக்க வேண்டும். அத்தகைய பிஸ்டனை நேராகத் தள்ளக் கூடாது. அதற்கான கருவியால் திருகியபடி உள்ளே செலுத்த வேண்டும். சில கார்களில் இடது வலதுக்குத் திருகும் திசையும் மாறும். கிளாம்ப் வைத்து வலுவாக அழுத்தியிருந்தால், உள்ளேயிருக்கும் தானியங்கி அட்ஜஸ்டர் சேதமடைந்திருக்கலாம். பிஸ்டனின் முகத்தில் பள்ளம் இருந்தால், பேடின் முதுகிலுள்ள சிறு புடைப்பு அந்தப் பள்ளத்துக்குள் உட்கார வேண்டும்; விலகி நின்றால் பேட் சாய்ந்துவிடும், பெடலும் தாழும்.

கேபிளை முழுவதும் தளர்த்தி, இரு காலிப்பர்களிலும் ஹேண்ட் பிரேக் லீவர் தன் தடுப்பைத் தொடும் வரை திரும்பி வருகிறதா என்று பாருங்கள். திரும்பி வராவிட்டால் அட்ஜஸ்டர் தன் வேலையைச் செய்யாது. கேபிளை இறுக்கக் கூடாது என்று சொன்னதும் இதனால்தான். பின்னர் எஞ்சின் ஓடும்போது பெடலைப் பலமுறை மிதித்தும், அதன் பிறகு ஹேண்ட் பிரேக்கைப் பலமுறை இழுத்து விட்டும் இடைவெளியைக் குறையுங்கள். சில கார்களின் அட்ஜஸ்டர் பெடலால் இயங்குகிறது, சிலவற்றில் ஹேண்ட் பிரேக்கால். கேபிளை அளவாகப் பொருத்துவது இவற்றுக்குப் பின் செய்ய வேண்டிய கடைசி வேலை. உங்கள் காரில் லீவர் இருப்பதால் இனிச் சொல்வது உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் பொத்தானால் இயங்கும் மின்சார ஹேண்ட் பிரேக் உள்ளவர்கள், பேட் மாற்றுவதற்கு முன்பே ஸ்கேனர் வழியாகவோ கையேடு கூறும் முறையிலோ அதைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் மோட்டாரும் திருகும் கெட்டுப்போகும்.

கேள்வி: புதிய பேட் போட்ட பிறகு பெடல் சற்று மென்மையாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, “ஓட ஓடச் சரியாகிவிடும்” என்று மெக்கானிக் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பழைய பேட், டிஸ்க்கில் விழுந்திருந்த பள்ளம் மேடுகளுக்கு ஏற்பத் தேய்ந்து பொருந்தியிருந்தது. புதிய பேடின் முகம் தட்டையானது. அது முதலில் மேடுகளை மட்டுமே தொடும். அழுத்த அழுத்த அந்த மேடுகள் பேடில் பதிகின்றன. அதனால் பெடல் சிறிதளவு கூடுதலாகப் போவதும், கார் நிற்கச் சற்று அதிக அழுத்தம் தேவைப்படுவதும் இயல்பு. சில நூறு கிலோமீட்டர்களுக்குள் பேடின் முகம் படிந்து இது மறைந்துவிடும். அந்தக் காலத்தில் முன்னால் செல்லும் வண்டியிடமிருந்து வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடுங்கள். போக்குவரத்து இல்லாத சாலையில் நடுத்தர வேகத்திலிருந்து நிதானமாக வேகத்தைக் குறைத்து, டிஸ்க் ஆறச் சற்று ஓட்டி, மீண்டும் குறைத்துப் பழக்குவது நல்லது. பேட் நன்றாகச் சூடேறியிருக்கும்போது பிரேக்கை அழுத்தியபடியே நின்றுவிட வேண்டாம். பேடின் பொருள் டிஸ்க்கில் ஓரிடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் முதல் மிதியில் தரையை நெருங்குவது, அழுத்தியிருக்கும்போது இறங்குவது, கார் ஒரு பக்கம் இழுப்பது, இரண்டாம் மிதியில்தான் பிடிப்பது ஆகியவற்றில் ஒன்றுகூட ஓட ஓடச் சரியாகாது. இவற்றில் ஏதேனும் இருந்தால், அதே மெக்கானிக்கிடம் காரை நிறுத்திவிட்டு, ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றிக் காட்டும்படி உறுதியாகக் கேளுங்கள். பிரேக் விஷயத்தில் இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கேள்வி: புதிய பேட்களோடு மலைச்சாலையில் இறங்கும்போது பாதி வழியில் பெடல் திடீரென்று மென்மையாகிவிட்டது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்த பின் பழையபடி கெட்டியாகிவிட்டது. ஆயில் நான்கு ஆண்டுகளாக மாற்றவில்லை.

பதில்: பேடைக் குறை சொல்ல வேண்டாம், ஆயில் கொதித்திருக்கிறது. பெரும்பாலான கார்களில் உள்ள பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. அது ஹோஸ்களின் வழியாகவும் டப்பாவின் மூச்சுத்துளை வழியாகவும் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர விதி; 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் அதற்கு வைக்கப்பட்டுள்ள கீழ் எல்லை 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு இவை 230, 155, டாட் 5.1 வகைக்கு 260, 180. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால், காலிப்பருக்குள் இருக்கும் ஆயில் இந்தக் கீழ் எல்லையை எட்டிவிடக்கூடும். அப்போது உருவாகும் ஆவி, காற்றைப் போலவே சுருங்குகிறது. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாவதால் பெடல் தானாகத் திரும்பிவிடுகிறது; இதனால்தான் பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அடுத்த இறக்கத்தில் அது மீண்டும் நடக்கும்.

நான்கு சக்கரங்களின் வழியாகவும் பழைய ஆயில் முழுவதும் வெளியேறும் வரை புதிய ஆயிலைச் செலுத்துங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். முத்திரை பிரிக்காத புதிய புட்டியையே பயன்படுத்துங்கள். பாதி தீர்ந்து, பல மாதங்களாகத் திறந்து மூடப்பட்ட புட்டியில் ஏற்கெனவே ஈரம் ஏறியிருக்கும். உங்கள் டப்பாவின் மூடியில் எழுதியுள்ள வகையையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. எண் ஒட்டி வருவதால் அதை டாட் 5.1 என்று எண்ணிக் கலந்துவிடக் கூடாது. எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஒரு துளி விழுந்தாலும் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் காரின் பெயிண்ட்டில் சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இறக்கத்தில், ஏறும்போது போடும் அதே தாழ்ந்த கியரில் எஞ்சினே வேகத்தைப் பிடித்திருக்கும்படி இறங்குவது ஆயிலுக்கும் பேடுக்கும் ஓய்வு கொடுக்கும்.

கேள்வி: பேட் மாற்றிய பின் சோதித்துப் பார்க்கையில், எஞ்சின் நின்றிருக்கும்போது பெடல் கல் போல இருக்கிறது, ஸ்டார்ட் செய்ததும் காலுக்கடியில் சற்றுக் கீழே போகிறது. இதுவும் கோளாறா?

பதில்: இல்லை. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைத்து, உங்கள் காலுக்கு உதவி செய்கிறது. பெடல் சிறிது இறங்கி நிற்பது பூஸ்டர் நன்றாக வேலை செய்வதற்கான அடையாளம். இறங்கிய இடத்திலேயே நிற்கிறதா என்பதை மட்டும் அரை நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். நின்றால், காரை எடுக்கலாம்.